வந்தவர் கண்ட பழவேற்காடு

பழவேற்காட்டுக்கு வெளியார் வருவது புதிதல்ல. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அரபு வணிகரும் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்தார்கள். சிலர் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் இங்கேயே மண்ணாகிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு வந்திறங்கும் இன்றைய பயணிகளும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர்களே. முன்பு வந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. வந்த இடத்தில் ஒரு மீனவக் குப்பத்தின் காலையை, அடுப்பை, வேலையை, ஓய்வை எந்த அளவுக்குக் கண்டார்கள் என்பது குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. பழவேற்காட்டின் உண்மையான செல்வம் அந்த அன்றாடத்தில்தான் இருக்கிறது. நீண்ட நாள் தங்கியவர்களுக்கே அது கண்ணில் பட்டிருக்கிறது, அதுவும் பாதிதான்.

ஊர்க்காரர்கள் ஏரி என்று அழைப்பது ஓர் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இதுவே பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனை மட்டும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல்தீவு வங்கக்கடலை மறித்து நிற்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தே வேலை செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் சப்பென்று ஆகும்; சித்திரை, வைகாசியில் கடல்நீரைவிடக் கரிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் மீன்களும் இறால்களும் இங்கே வளர்கின்றன. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, கழியின் சேற்றிலும் பாசியிலும் தின்று வளர்ந்து, முற்றும் பருவத்தில் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அப்படித் திரும்பும் வழியில் வலை கட்டுவதே பழவேற்காட்டு மீன்பிடியின் அடிப்படை. ஊரின் பொழுதும் சோறும் சண்டையும் சமாதானமும் இந்தப் போக்குவரத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

முதலில் வந்தவர்களின் கண் துணியின் மேல் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா, விசயநகர அரசுக்கு உட்பட்ட நல்ல துறைமுகமாக இதைக் காட்டுகிறார். இங்கே முஸ்லிம்களும் இந்துக்களும் வாழ்ந்ததும், வண்ணம் தீட்டிய பருத்தித் துணி மலாக்காவுக்கும் பர்மாவின் பெகுவுக்கும் போனதும், பெகுவின் மாணிக்கக் கற்கள் இங்கே விற்பனைக்கு வந்ததும் அவர் குறிப்பிலிருந்து தெரிகின்றன. அந்தத் துணி வணிகத்தின் நினைவு கடல் கடந்து இன்றும் உயிரோடிருக்கிறது: மலேசியாவில் ஆண்கள் வீட்டில் உடுத்தும் கட்டம்போட்ட கைலியை இந்த ஊரின் பெயரால் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் இன்றும் ஊரின் வழிபாட்டிடம். அரபு நாட்டிலிருந்து வந்த முன்னோரைத் தங்கள் குடும்பக் கதைகளில் போற்றும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும், செம்புறைக் கல்லில் இராமாயணக் காட்சிகளைச் சின்னஞ்சிறு உருவங்களாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன.

டச்சுக்காரர்கள் 1610ஆம் ஆண்டளவில் பண்டகசாலை அமைத்தார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. அதைக் கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்க்கெம், தம் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாக 1690 வரை அது இருந்தது. பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கே வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அச்சடித்தார்கள், துணியைக் கப்பலேற்றி இந்தோனேசியத் தீவுகளில் மசாலாப் பொருளுக்கு மாற்றினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் பட்டினியால் விற்கப்பட்ட மனிதர்களையும் வாங்கிப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். பழவேற்காட்டின் டச்சுக் காலத்தைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களுக்குக் கல்லறை எதுவும் இந்த ஊரில் இல்லை. ஏற்றியவர்களுக்கு இருக்கிறது: இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் எலும்புக்கூடு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டு முதலான கல்லறைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் மழையில் கரையாத ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசம் நிரந்தரமாகப் போயிற்று. கோட்டை இருந்த இடம் இன்று அகழி சூழ, சீமைக்கருவேல முள் மூடிய மேடு.

இந்தக் கோட்டைக்குள் இருந்த ஒருவர் மட்டும் வெளியே நடக்கும் வாழ்க்கையைக் கேட்டு எழுத உட்கார்ந்தார். ஆபிரகாம் ரொஜேரியஸ் என்ற மதகுரு 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் பணியாற்றியவர். டச்சுக்காரர்களின் அடைக்கலத்தில் இருந்த பத்மநாபர் என்ற பிராமணர் அவருக்குத் துணை. இருவருக்கும் பொதுவான பேச்சுமொழி போர்ச்சுகீசியம். கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில், வருடக்கணக்கில், அவர்கள் பேசினார்கள். காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள், எப்படிக் குளிக்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், கல்யாணம் எப்படி, சாவு எப்படி, எந்த நாள் நல்ல நாள் என்று ரொஜேரியஸ் கேட்டவை பெரும்பாலும் வீட்டு நடப்புகள். அவர் நாடு திரும்பி 1649இல் இறந்தார். 1651இல் லெய்டனில் நூல் அச்சானது. ‘மறைந்திருக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு’ என்ற பொருள்படும் தலைப்பு அக்காலப் பாதிரியாரின் மனநிலையைக் காட்டுகிறது என்றாலும், உள்ளே இருக்கும் கேட்கும் பொறுமை அந்தத் தலைப்பை மீறியது. சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் நீதிப் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக வெளிவந்ததும் இந்த நூலின் பின்னிணைப்பில்தான். பழவேற்காட்டுத் திண்ணை ஒன்றில் நடந்த உரையாடல் ஜெர்மன், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் வழியே ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது.

ரொஜேரியஸின் எல்லையும் தெளிவானது. பத்மநாபர் வழியே தெரிந்த உலகம் முதன்மையாகப் பிராமணர் உலகம். கோட்டையின் நிழல் விழும் தூரத்தில் கோட்டைக்குப்பம் இருந்தது. அதன் வலைகளுக்கும் அடுப்புகளுக்கும் நூலில் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. நல்ல மனமுள்ள வெளியாருக்கும் ஊர் ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் திறக்கிறது. அந்த வாசலில் நிற்பவர் யாரோ அவருடைய ஊரையே அவர்கள் பார்க்கிறார்கள்.

குப்பத்தின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. இரவில் கழியில் கிடந்த படகுகளும் கடலுக்குப் போன ஃபைபர் படகுகளும் கரைக்கு வரும் நேரம் அது. கரையில் ஐஸ் பெட்டிகளோடு வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். மீன் கூடையிலிருந்து தரையில் கொட்டப்பட்ட கணத்திலேயே ஏலம் ஆரம்பித்துவிடுகிறது. ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் விலையைக் கூட்டிக்கொண்டே போவார்; எடுப்பவர் ஒரு தலையசைப்பில் முடித்துக்கொள்வார். மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி, வெள்ளை இறால் என்று ஒவ்வொன்றும் தனிக்குவியல். சேற்று நண்டு உயிரோடு, கொடுக்குகள் கயிற்றால் கட்டப்பட்டு, ஈரச் சாக்கில் உட்கார்ந்திருக்கும். பெரிய நண்டு இங்கே தங்குவதில்லை. சென்னைக்கும் அங்கிருந்து சிங்கப்பூர் போன்ற இடங்களுக்கும் போய்விடும். சில்லறை விற்பனை பெண்கள் கையில் இருக்கிறது. ஏலத்தில் எடுத்ததைக் கூறு போட்டு, தண்ணீர் தெளித்து, கூறுக்கு ஒரு விலை சொல்லி அமர்ந்திருப்பவர்களிடம் பேரம் பேசுவது ஊரின் காலைப் பேச்சில் பாதி. பொன்னேரிக்கும் அதற்கு அப்பாலும் கூடை சுமந்து பஸ் ஏறுகிறவர்களும் அவர்களே.

வீட்டுக்குப் போகும் மீன் பெரும்பாலும் விலை போகாத சிறு மீன். சுவையில் அதற்குக் குறைவு எதுவும் கிடையாது. சற்றுமுன் துடித்த மடவையைப் புளியும் மிளகாய்த்தூளும் போட்டு மண்சட்டியில் கொதிக்கவைக்கும் குழம்பை, நகரத்து உணவகம் எதுவும் திரும்பச் செய்ய முடியாது, ஏனென்றால் அதன் ருசியில் முக்கால் பங்கு நேரத்தைச் சேர்ந்தது. மாங்காய்க் காலத்தில் குழம்பில் மாங்காய் சேரும். சினை பிடித்த மீன் கிடைத்தால் அன்று சினை தனியாகப் பொரியும், வீட்டுக் குழந்தைகளுக்கு அதில் முதல் உரிமை. மிஞ்சிய குழம்பு மறுநாள் காலைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருக்கும். குழம்பு ஊறி இறுகிய அந்த இரண்டாம் நாள் மீனை விரும்பிச் சாப்பிடாதவர் கடற்கரையில் குறைவு. மழைக்காலத்துக்கான சேமிப்பு கருவாடு. மதியம் ஆண்கள் மரநிழலில் கிழிந்த வலையை விரித்து ஒக்கிடுவார்கள். கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போட, பேச்சு காற்றின் திசை, தண்ணீரின் நிறம், பக்கத்துக் குப்பத்துச் செய்தி என்று ஓடும். வெளியாருக்கு இது ஓய்வாகத் தெரியும். அந்தப் பேச்சில்தான் அன்றிரவு எங்கே போவது என்று முடிவாகிறது.

இந்த அன்றாடத்துக்கு அடியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பழவேற்காட்டில் பார்க்கத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான் என்று சொல்ல நேர்ந்தால் அது கல்லறையோ பூநாரையோ ஆகாது. பாடு முறைதான் அது. முகத்துவாரத்துக்கு அருகில் நீரோட்டம் வலுவாக ஓடும் வாய்க்கால்களில் இறால் அதிகம் விழும். தள்ளிப் போகப் போகக் குறையும். எல்லாரும் நல்ல இடத்துக்கே ஓடினால் அடிதடிதான் மிஞ்சும். எனவே மீன்பிடிக்கும் இடங்கள் பாடுகளாக வகுக்கப்பட்டு, கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களுக்கு முறைவைத்து விடப்படுகின்றன. ஊருக்குள் யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்த குடும்பங்களுக்கே பங்கு. சுத்து வலையைக் கம்புகளில் கட்டி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வற்றும் நேரம் பார்த்து இரவில் இறால் பிடிக்கிறார்கள். இன்று மோசமான இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் விதிக்கும். எழுத்தில் உள்ள சட்டம் எதுவும் இதை உண்டாக்கவில்லை. போலீஸ் யாரும் காவல் நிற்பதில்லை. அதிர்ஷ்டத்தையே நியாயத்தின் கருவியாக்கி, கிடைப்பதைச் சுற்றிச் சுற்றிப் பகிர்ந்துகொள்ளும் இந்த அறிவு, பொதுச் சொத்தைப் பகிர முடியாமல் திணறும் எந்தச் சமூகமும் வந்து படிக்க வேண்டியது.

அப்படிப் படிக்க வந்தவர்களும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் சாரா கூல்தார்ட் இங்கே களப்பணி செய்து 2008இல் கட்டுரை வெளியிட்டார். ஏரி மாறிக்கொண்டே இருக்கும்போது பாடு முறை மீனவரைத் தாங்கிப் பிடிப்பதையும், அதே உரிமையும் அது தரும் மதிப்பும், வருமானம் குறைந்த காலத்தில்கூடத் தொழிலை விட்டு விலக அவர்களைத் தயங்கவைப்பதையும் அவர் கவனித்தார். ரொஜேரியஸுக்குப் பின் முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து, குப்பத்தின் வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்க வெளியார் வந்தார்கள் என்று இதைப் படிக்கலாம்.

பாடு முறைக்கு வெளியே நிற்பவர்களையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குத் தம் பெயரில் பாடு கிடையாது. பிற சமூகத்து மீனவர்கள் பாடு எல்லைக்கு அப்பால்தான் வலை விட முடியும். இதனால் மோதல்களும் நடந்திருக்கின்றன. இருளர்களுக்கு வலையும் படகும்கூட எட்டாதவை. இருளர் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் நீருக்கடியில் வேலையில் இருப்பதால், பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பிடித்ததை அதில் போடுகிறார்கள். கையில் தட்டுப்படுவது இறாலா, நண்டா, முள்ளுள்ள கெளுத்தியா என்று தொட்ட கணத்தில் அறியும் விரல்கள் அவை. கரையிலிருந்து புகைப்படம் எடுக்க அழகான காட்சி; மணிக்கணக்கில் உப்புநீரில் நிற்கும் தோலுக்கு அது வேறு.

பனையோலை இந்த ஊரில் இன்னொரு வகையிலும் வாழ்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள மணல்மேடுகளில் பனை நிறைய. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் குருத்தோலையை வகிர்ந்து, காயவைத்து, சாயம் தோய்த்து, பெட்டியும் கூடையும் தட்டும் முடைகிறார்கள். மூடி போட்ட பெட்டியின் விளிம்பு ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்தும். வீட்டு வேலைகளுக்கு இடையில், திண்ணையில் நாலு பேர் கூடிப் பேசியபடி செய்யும் கைவேலை இது. வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகும் பொருள்களில் ஊரின் கை நேரடியாகப் பட்டது இதுவே. பெரும்பாலும் அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். ஒரு பெட்டிக்குப் போகும் நேரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்.

இன்றைய பயணிகளில் மிகுதியானோர் பறவைக்காக வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், கோடை தொடங்கும்வரை, ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. கூழைக்கடா, சங்குவளை நாரை, மத்திய ஆசியாவிலிருந்து வரும் வாத்துகள் என்று கூட்டம் கூடுகிறது. ஆந்திரப் பகுதியில் சூளூர்ப்பேட்டையை மையமாக வைத்துப் பூநாரைத் திருவிழா நடத்துகிறார்கள். கிராமத்தாருக்கு இந்தப் பறவைகள் விருந்தினர் எனும் அளவுக்குப் புதியவை அல்ல. பறவை எங்கே இறங்குகிறது என்பது எங்கே மீன் இருக்கிறது என்பதற்கான அடையாளமும் கூட. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாட்களில் வேறொரு கூட்டம் கடற்கரைக்கு வருகிறது. அந்த நேரத்தில் கடலுக்குப் போக மீனவர்களுக்குத் தடை இருக்கும். வந்தவருக்குக் கொண்டாட்டமான அதே நாள் குப்பத்துக்கு வேலையிழந்த நாள்.

ஏரியில் உல்லாசப் படகுச் சவாரி ஒரு காலத்தில் பெரிய ஈர்ப்பாக இருந்தது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்த கூட்டம் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. மீன்பிடிப் படகில் எத்தனை பேர் ஏறலாம், எந்தக் காற்றில் முகத்துவாரத்தை நெருங்கக் கூடாது என்பது குப்பத்துச் சிறுவனுக்கும் தெரியும். விடுமுறை நாளின் ஆசையும் நாலு காசு கிடைக்கும் என்ற தேவையும் சேர்ந்தால் அந்த அறிவு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பழவேற்காடு தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு முறையான, பாதுகாப்பான ஏற்பாட்டைத் தானே நடத்த அரசு துணைநின்றால், மீன் குறைந்த மாதங்களில் சில குடும்பங்களுக்கேனும் அது வருமானமாகும். காலை ஏலத்தைப் பார்த்து, ஓலை முடைவதைப் பார்த்து, ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் போகும் பயணி, கல்லறை வாயிலில் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவரைவிட ஊருக்கும் தனக்கும் அதிகம் செய்தவராவார்.

ஆனால் பார்க்க வேண்டிய அந்த அன்றாடமே நிலையற்றதாகிக்கொண்டிருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து கோடையில் அடைத்துக்கொள்வது அடிக்கடி நேர்கிறது. அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை; நீரோட்டம் நின்றால் பாடு இடங்களில் வலை கட்டிப் பயனில்லை; கடலுக்குப் போகும் படகுகளுக்கும் பாதை இல்லை. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வந்தபின் கடற்கரை மணலின் போக்கு மாறிவிட்டது என்பது மீனவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை அவர்கள் கடுமையாக எதிர்த்ததற்கு அதுவே முதன்மைக் காரணம். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கக் கற்சுவர்கள் அமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், அடைத்துக்கொண்ட போதெல்லாம் குப்பத்தார் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி, மண்வெட்டியோடு இறங்கித் தாங்களே மணலை வெட்டிக் கடலுக்கு வழி விட்டிருக்கிறார்கள்.